ஐந்து நாவல்கள், ஐந்து சுவர்கள்: டிஸ்டோபியா படிக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் மாதம் ஒரு ஞாயிறு நடக்கும் வாசிப்புக் கூட்டத்துக்கு வருகிறவர்களும், வர முடியாமல் குன்னூர், ஊட்டியிலிருந்து போனில் பிடிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கேட்டவர் பேச்சிலேயே கேள்வியைப் போட்டிருக்கிறோம். பேசப்படுபவை ஐந்து நாவல்கள்: யெவ்கெனி ஜாமியாட்டினின் ‘நாங்கள்’ (எழுதியது 1920-21), ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ (1932), ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ (1949), ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953), மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ (1985). கதை முடிவுகள் ஆங்காங்கே வெளிப்படும். ‘1984’-ஐ இன்னும் முடிக்காதவர்கள் கடைசி இரண்டு கேள்விகளை விட்டுவிடுங்கள்.

டிஸ்டோபியான்னா உலகம் அழிஞ்சு போற கதைதானே?

இல்லை. உலகம் அழிந்தபின் ஆளுக்கொரு துப்பாக்கியோடு அலைகிற கதையில் அரசாங்கமே இருக்காது. டிஸ்டோபியாவில் அரசாங்கம் கட்டாயம் உண்டு, அது தன் வேலையைக் குறைவில்லாமல் செய்துகொண்டும் இருக்கும். ‘1984’-இல் லிஃப்ட் ஓடாது, சவர பிளேடு கிடைக்காது. போலீஸ் மட்டும் நேரத்துக்கு வரும்.

தாமஸ் மோர் 1516-இல் ‘யுடோபியா’ என்ற நல்லுலகத்தை எழுதினார். அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டு, ஜான் ஸ்டூவர்ட் மில் 1868-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு வசையாகப் பயன்படுத்தினார். தமிழில் ஆளுக்கொரு சொல் போடுகிறார்கள். எதுவும் பேச்சில் ஒட்டவில்லை, அதனால் டிஸ்டோபியா என்றே எழுதுகிறோம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இந்த ஐந்து நாவல்களில் நான்கில் ஆள்கிறவர்கள் மக்களுக்கு நல்லதே செய்வதாகச் சொல்கிறார்கள், பெரும்பாலும் நம்பவும் செய்கிறார்கள். விதிவிலக்கு ஆர்வெலின் ஓ’பிரையன், ‘1984’-இல் ஆளும் கட்சியின் மேல்மட்ட ஆள். அதிகாரம் அதிகாரத்துக்காகவே என்று வாய்விட்டுச் சொல்கிறவர் அவர் ஒருவர்தான்.

எதுல ஆரம்பிக்கிறது? எல்லாரும் 1984-ங்கறாங்க.

‘1984’-இல் ஆரம்பித்தவர்களில் பலர் இரண்டாம் பாகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் நின்றுபோகிறார்கள். அங்கே கதை நிறுத்தப்பட்டு, கட்சியின் எதிரி கோல்ட்ஸ்டீன் எழுதியதாகச் சொல்லப்படும் அரசியல் நூல் பக்கம் பக்கமாக வரும். முதல் தடவை அதை வேகமாகப் புரட்டிவிட்டு மேலே போங்கள், குற்றமில்லை. முழு நாவலையும் முடித்துவிட்டுத் திரும்பி வந்தால் அதே பக்கங்கள் தானாக ஓடும்.

எங்கள் வரிசை: முதலில் பிராட்பரி. மூன்றே பாகம், இரண்டு மழை நாளில் முடியும். அடுத்து ஹக்ஸ்லி (18 அத்தியாயம்), பிறகு ஆர்வெல் (மூன்று பாகத்தில் 8, 10, 6 ஆக 24), பிறகு ஜாமியாட்டின் (40 பதிவுகள், எல்லாம் சிறியவை), கடைசியில் அட்வுட். கால வரிசைப்படி ஜாமியாட்டினில் தொடங்கினால் திணறுவீர்கள். அவருடைய கதைசொல்லி டி-503 ஒரு கணித வல்லுநர், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுகிறவர். மாதம் ஒரு நாவல் என்று வைத்துக்கொண்டால், ஹக்ஸ்லிக்கும் ஆர்வெலுக்கும் வாரம் ஐந்தாறு அத்தியாயம் போதும், ஜாமியாட்டினுக்கு வாரம் பத்துப் பதிவு.

எனக்கு இங்கிலீஷ் சுமார்தான். தமிழ்ல இருக்கா? பிடிஎஃப் இறக்கிக்கலாமா?

‘ஃபாரன்ஹீட் 451’-ஐ வெ. ஸ்ரீராம் தமிழில் தந்திருக்கிறார். முதலில் பிராட்பரி என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். ஆர்வெலின் சிறிய கதையான ‘விலங்குப் பண்ணை’ க.நா.சு. மொழிபெயர்ப்பில் உண்டு. ‘1984’-க்கு முன்னால் படித்தால் நல்ல பயிற்சி.

பிடிஎஃப் விஷயம்: இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை நிற்கும். ஆர்வெல் 1950 ஜனவரியில் இறந்தார், எனவே 2011 முதல் அவர் எழுத்து பொதுச்சொத்து. ஹக்ஸ்லி இறந்தது 1963, எனவே 2024 முதல். ஜாமியாட்டின் 1937-இல் இறந்தவர், ஆனால் நீங்கள் படிக்கப்போவது மொழிபெயர்ப்பு, அதற்குத் தனி உரிமை உண்டு. 1924-இல் நியூயார்க்கில் வந்த கிரெகரி ஜில்பூர்க்கின் ஆங்கிலப் பெயர்ப்பு இங்கே பொதுச்சொத்து (அவர் 1959-இல் காலமானார்). புதிய பெயர்ப்புகள் அப்படியில்லை. பிராட்பரி 2012 வரை இருந்தார், அட்வுட் இருக்கிறார். இந்த இருவரையும் காசு கொடுத்தோ நூலகத்திலோதான் படிக்க வேண்டும்.

ஹக்ஸ்லியோட மூணாவது அத்தியாயத்துல யார் பேசறாங்கன்னே தெரியல. புக்கு தப்பா அச்சாயிருக்கா?

அச்சு சரிதான். அந்த அத்தியாயத்தில் மூன்று இடத்துப் பேச்சுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன: உலகக் கட்டுப்பாட்டாளர் முஸ்தபா மோண்ட் மாணவர்களுக்கு நடத்தும் பாடம், லெனினாவும் தோழியும் உடை மாற்றும் அறையில் பேசுவது, ஆண்கள் பக்கத்தில் பெர்னார்ட் எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருப்பது. போகப்போக ஒவ்வொரு துண்டும் சுருங்கி, கடைசியில் வரிக்கு வரி மாறும். பென்சிலால் ஓரத்தில் ‘மோ’, ‘லெ’, ‘பெ’ என்று எழுதிக்கொண்டே போங்கள். இரண்டு பக்கத்துக்குள் காது பழகிவிடும்.

அஞ்சையும் ஒப்பிடணும்னா எங்கிருந்து பிடிக்கிறது?

‘சுதந்திரம்’, ‘அதிகாரம்’ என்று பெரிய சொல்லில் தொடங்கினால் பத்து நிமிடத்தில் ஐந்து புத்தகமும் ஒன்றுபோலத் தெரியும். ஒரு பொருளைப் பிடியுங்கள். எங்களுக்கு நன்றாக வேலை செய்த பொருள் சுவர்.

‘நாங்கள்’-இல் வீட்டுச் சுவர் கண்ணாடி. நீங்கள் பல் துலக்குவது நான்கு பக்கமும் தெரியும். துணையோடு இருக்க அரசு தரும் இளஞ்சிவப்புக் கூப்பன் வைத்திருந்தால், குறித்த நேரத்துக்கு மட்டும் திரையை இறக்கலாம். நகரத்தைச் சுற்றிப் பச்சைச் சுவர், அதற்கு வெளியே காடு. ‘1984’-இல் சுவரில் டெலிஸ்கிரீன் பதிந்திருக்கிறது, அது பேசும், பார்க்கும். கதைநாயகன் வின்ஸ்டன் ஸ்மித்தின் வீட்டில் மட்டும் அதை வழக்கத்துக்கு மாறாக நீளச் சுவரில் மாட்டிவிட்டார்கள். அதனால் ஓரத்தில் ஒரு மாடம் அதன் பார்வைக்குத் தப்புகிறது. அந்த மாடத்தில் உட்கார்ந்துதான் அவர் டைரியைத் திறக்கிறார். மாட்டியவன் ஒழுங்காக மாட்டியிருந்தால் நாவலே இல்லை. ‘451’-இல் சுவரே டிவி. கதைநாயகன், புத்தகம் எரிக்கும் தீயணைப்பு வீரன் மாண்டாக்கின் மனைவி மில்ட்ரெட் மூன்று சுவர் வாங்கிவிட்டு நாலாவது கேட்கிறாள். விலை 2,000 டாலர், கணவனின் ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஹக்ஸ்லியின் நகரத்துக்குள் யாரையும் அடைக்கச் சுவரே வேண்டியதில்லை. நியூ மெக்சிகோவில் பழங்குடி மக்களை ஒதுக்கிய இடத்தைச் சுற்றித்தான் வேலி, 60,000 வோல்ட். கூடலூர் பக்கம் யானைக்குப் போடும் சோலார் வேலி ஒரு உதறு உதறி விரட்டிவிடும். இது தொட்டால் சாவு, வேலியடியில் எலும்புகள் கிடக்கும். அட்வுட்டிடம் ஒரு பழைய பல்கலைக்கழகத்தின் செங்கல் சுவர், அதன் கொக்கிகளில் பிணங்கள். மறைக்கிற சுவர் அங்கே காட்டுகிற சுவராகிவிட்டது.

இப்போது மூன்றே கேள்வி கேளுங்கள்: சுவரைக் கட்டியது யார், காசு கொடுத்தது யார், யார் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறார்? ‘451’-இல் மட்டும் பார்க்கிறவரே தவணை கட்டுகிறார் என்பது இப்படித்தான் கண்ணில் படும். சுவர் முடிந்தால் இதே மாதிரி சாப்பாடு, காகிதம், படுக்கை என்று போகலாம்.

சோமாவும் டாஸ்மாக்கும் ஒண்ணுதானே?

கூட்டத்துக்குக் கூட்டம் இதைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் பொருந்தாது. சோமா (ஹக்ஸ்லியின் நாவலில் கவலை மறக்க விழுங்கும் மாத்திரை) ரேஷனாகக் கையில் கொடுக்கப்படுகிறது, மறுநாள் தலைவலி கிடையாது, வேலைக்கு லீவும் கிடையாது. டாஸ்மாக்கில் காசு நம்மிடமிருந்து அரசுக்குப் போகிறது. ஹக்ஸ்லியின் அரசுக்குத் தேவை குடிமகனின் வருத்தம் காணாமல் போவது. வருமானம் கணக்கிலேயே இல்லை.

டாஸ்மாக்குக்கு நெருங்கிய உறவு வேண்டுமென்றால் ஆர்வெலின் விக்டரி ஜின்னைப் பாருங்கள். நைட்ரிக் அமிலம்போல நெஞ்சை எரிக்கும், குடித்தபின் உலகம் கொஞ்சம் தேவலாம்போலத் தோன்றும், அவ்வளவே.

பச்சைக் குழந்தைக்குப் பூவைக் காட்டி ஷாக் குடுக்கறாங்களே, அது எதுக்கு? சும்மா கொடூரம் காட்டவா?

ஹக்ஸ்லியின் இரண்டாம் அத்தியாயத்தில் வருவது இது. எட்டு மாதக் குழந்தைகள், எல்லாம் டெல்டா சாதி, காக்கி உடை. ரோஜாக் கிண்ணங்களுக்கும் படப் புத்தகங்களுக்கும் நடுவே தவழ விடுகிறார்கள். கை வைத்ததும் சைரன், பிறகு தரையில் மின்சாரம். அடுத்த முறை பூவைக் கண்டாலே அலறும்.

புத்தகம் ஏன் என்பது புரியும். பூ ஏன்? குழந்தைகளை உருவாக்கிப் பழக்கும் நிலையத்தின் இயக்குநர் காரணம் சொல்கிறார், நாவலிலேயே கூர்மையான இடம் அதுதான். முன்பு டெல்டாக்களுக்குக் காடு, பூ எல்லாம் பிடிக்கும்படி பழக்கியிருந்தார்கள், வண்டி ஏறி வெளியூர் போய்ச் செலவு செய்யட்டும் என்று. போனார்கள். ஆனால் பூவும் மலைக்காட்சியும் இலவசம். பார்ப்பதால் எந்தத் தொழிற்சாலையும் ஓடாது. எனவே திட்டத்தை மாற்றினார்கள்: இயற்கைமேல் வெறுப்பு இருக்கட்டும், வெளியூர் விளையாட்டுமேல் ஆசை இருக்கட்டும், அந்த விளையாட்டுக்கு நிறையக் கருவி தேவைப்படட்டும். பயணம் நடக்கும், விற்பனையும் நடக்கும்.

மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் பர்லியாறிலிருந்து குன்னூர் வரை முதல் கியரில் ஊர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வருகிறவர்களுக்குப் பூ பிடிக்காது என்று சொல்லவில்லை. ஆனால் தொட்டபெட்டாவில் மேகம் விலகக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் எத்தனை கடை குறுக்கே வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் ஹக்ஸ்லியின் கணக்கு விளங்கும். அவர் 1932-இல் எழுதியது இது.

451-ல புத்தகத்தை எரிக்கிறது அரசாங்கம்தானே?

எரிப்பது தீயணைப்புத் துறை, அதாவது அரசாங்கம். ஆனால் தொடங்கியது அரசாங்கம் இல்லை என்று கேப்டன் பீட்டி முதல் பாகத்தில் விளக்குகிறார். மக்களுக்குப் பொறுமை குறைந்தது, புத்தகம் சுருக்கமானது, சுருக்கம் இன்னும் சுருங்கியது. ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடிக்காததை நீக்கச் சொன்னது. எல்லாம் முடிந்த பிறகே மண்ணெண்ணெயோடு அரசு வந்தது. பீட்டி வில்லன், அவர் சொல்வதை முழு உண்மையாக எடுக்க வேண்டாம். மில்ட்ரெட்டின் நாலாவது சுவரோடு சேர்த்து யோசித்தால் பாதி உண்மையாவது இருக்கும்.

451 என்பது காகிதம் தீப்பற்றும் வெப்பநிலை என்கிறது நாவல், நம் கணக்கில் ஏறத்தாழ 233 டிகிரி செல்சியஸ். உண்மையில் காகிதத்தின் வகை, தடிமனைப் பொறுத்து அது மாறும். அதைவிட வேடிக்கை, 1967 முதல் பள்ளிகளுக்கென வந்த ஒரு பதிப்பில், தணிக்கையை எதிர்க்கும் இந்த நாவலையே ஆசிரியருக்குத் தெரியாமல் வெட்டியிருந்தார்கள். பழைய பிரதி கிடைத்தால் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள்.

ஹேண்ட்மெய்ட்ஸ் டேல் பொம்பளைங்க பிரச்சினை. இந்த வரிசையில ஏன் வைக்கறீங்க?

மற்ற நான்கும் ஆம்பளைங்க பிரச்சினை என்று யாரும் சொல்வதில்லையே! அவற்றில் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். வின்ஸ்டன் அந்தக் கோல்ட்ஸ்டீன் நூலை வாசித்துக் காட்டும்போது அவன் காதலி ஜூலியா தூங்கிவிடுகிறாள். ‘451’-இல் பக்கத்து வீட்டுப் பெண் கிளாரிஸ் மாண்டாக்கை எழுப்பிவிட்டுக் கதையிலிருந்தே காணாமல் போகிறாள். ஆணை விழிக்க வைப்பதே அவர்களுக்கு வேலை.

அட்வுட் இந்த நாவலை 1984-இல் மேற்கு பெர்லினில் இருந்தபோது தொடங்கினார். மனிதர்கள் எங்காவது எப்போதாவது செய்திராத எதையும் சேர்ப்பதில்லை என்று விதி வைத்துக்கொண்டார். அதில் படிக்கிறவர்களை மிகவும் உலுக்கும் இடத்தில் ரத்தமே கிடையாது: கதைசொல்லி சிகரெட் வாங்கக் கடைக்குப் போகிறாள், அட்டை செல்லவில்லை. பெண்களின் கணக்குகள் அனைத்தும் ஒரே நாளில் முடக்கப்பட்டு, பணம் கணவனுக்கோ நெருங்கிய ஆண் உறவுக்கோ மாறிவிட்டது. கணவன் ஆறுதலாகப் பேசுகிறான். அவனுக்கு இது அவ்வளவாக வலிக்கவில்லையோ என்று அவளுக்குத் தோன்றுகிறது. அந்தப் பக்கத்தை ஆண்களும் பெண்களும் ஒரே அறையில் சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

எஸ்டேட்ல சங்கு, பெரட்டு, கங்காணி எல்லாம் நம்ம தாத்தா பாட்டி பார்த்ததுதானே. இதுக்கு ரஷ்யாக்காரன் எழுதணுமா?

நியாயமான கேள்வி. லயன் வீட்டில் வளர்ந்தவர்கள் ‘நாங்கள்’-இன் நேர அட்டவணையைப் படித்ததும் சிரிப்பார்கள். லட்சக்கணக்கானவர்கள் ஒரே நொடியில் எழுந்து, ஒரே நொடியில் கரண்டியைத் தூக்கி, ஒரு கவளத்தை 50 தடவை மெல்வார்கள். ஜாமியாட்டின் கப்பல் கட்டும் பொறியாளர். முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் ரஷ்யாவுக்கான பனி உடைக்கும் கப்பல்களின் கட்டுமானத்தை மேற்பார்வை பார்த்தார். தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளந்த அமெரிக்கர் டெய்லரைத்தான் அந்த நாவலின் அரசு பெரிய ஞானியாகக் கும்பிடுகிறது.

வித்தியாசம் ஒன்று உண்டு. தோட்டத்தில் பெரட்டு (காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுப்பது) முடிந்தால் ‘இது அநியாயம்’ என்று லயனுக்குள் பேச முடிந்தது. பி.எச். டேனியல் 1969-இல் ‘ரெட் டீ’ எழுதினார், அது ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்து எல்லோரும் படித்தோம். டி-503-க்கு அநியாயம் என்ற சொல்லே தோன்றாது, ஏனென்றால் அட்டவணை அவனுக்கு அழகாக இருக்கிறது. நடந்ததை எழுதுவது வரலாற்று நாவல், நடப்பதை அழகு என்று நம்பத் தொடங்கிய மனதுக்குள்ளிருந்து எழுதுவது இது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

இ-பாஸ் எடுத்தாத்தான் மலையேறலாம்ங்கறாங்க. இது பெரியண்ணன் வேலைதானே?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025-இல் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையும் வந்தது. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். ‘1984’-இல் எல்லோரையும் கண்காணிக்கும் தலைவரான பெரியண்ணனை இழுப்பதற்கு முன் மூன்று சோதனை செய்யுங்கள்.

விதி எழுத்தில் இருக்கிறதா? ‘1984’-இன் நாடான ஓசியானியாவில் டைரி எழுதுவது சட்டவிரோதம் இல்லை, ஏனென்றால் அங்கே சட்டமே இல்லை. எதற்குப் பிடிப்பார்கள் என்று தெரியாததுதான் பயம். எதிர்க்க முடிகிறதா? இங்கே வியாபாரிகள் கடையடைத்தார்கள், செய்தி பேப்பரில் வந்தது. நேற்றைய எண் நாளையும் இருக்குமா? ஆர்வெலின் நாவலில் வாரச் சாக்லேட் ரேஷனை 30 கிராமிலிருந்து 20 ஆகக் குறைக்கிறார்கள். மறுநாளே, 20 ஆக உயர்த்தியதற்கு மக்கள் நன்றி சொன்னதாக அறிவிப்பு வருகிறது. 20 கிராம் என்றால் ஏறக்குறைய ஊட்டி ஹோம் மேட் சாக்லேட் இரண்டு துண்டு. பழைய பேப்பரையெல்லாம் திருத்தி, மூலத்தை எரித்துவிடுவார்கள். 6,000 என்ற எண்ணை யாரும் இன்னும் அப்படித் திருத்தவில்லை.

ஆனால் பாஸ் எடுக்கக் கொடுக்கும் தகவல் எங்கே போகிறது, எவ்வளவு நாள் இருக்கிறது என்று கேட்பது வேறு. அதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஏன் என்பதற்கு மேலே அந்த சிகரெட் கடைக் காட்சியைப் பாருங்கள்.

கடைசியில ஜெயிச்சது ஆர்வெலா ஹக்ஸ்லியா?

இந்தச் சண்டை பழையது. ஹக்ஸ்லி ஈட்டன் பள்ளியில் ஆர்வெலுக்குச் சிறிது காலம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர். ‘1984’ வந்த சில மாதத்தில், 1949 அக்டோபரில், நாவலைப் பாராட்டிவிட்டு, ஆள்பவர்கள் உதைப்பதைவிட மயக்குவதே மலிவு என்று கண்டுகொள்வார்கள் என்ற பொருளில் மாணவனுக்குக் கடிதம் போட்டார்.

இருவரையும் எதிரெதிராக நிறுத்துகிறவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். ஓசியானியாவில் 85 சதவீதம் பேர் ‘புரோல்’கள், அதாவது கட்சியில் இல்லாத உழைக்கும் மக்கள். அவர்கள் வீட்டில் பெரும்பாலும் டெலிஸ்கிரீன்கூடக் கிடையாது. அவர்களுக்கு லாட்டரி, பீர், இயந்திரம் எழுதிய பாட்டு, மட்டமான கதைகள். அதாவது ஆர்வெலின் நாட்டுக்குள்ளேயே ஹக்ஸ்லியின் நாடு இருக்கிறது, உதை கட்சிக்காரனுக்கு மட்டும். ஹக்ஸ்லியிடமும் போலீஸ் உண்டு. 15-ஆம் அத்தியாயத்தில், வேலிக்குள் வளர்ந்து நகரத்துக்கு வந்த ஜான் சோமா டப்பாக்களை ஜன்னல் வழியே வீசியதும் சோமா ஆவியை அடித்துக்கொண்டு வருகிறார்கள். ஆகவே ‘எது நடந்தது’ என்பதைவிட ‘யாருக்கு எது நடக்கிறது’ என்று கேட்டால் பேச்சு நகரும்.

ஆர்வெல், ஜாமியாட்டினைக் காப்பியடிச்சாராமே?

படித்தார், மறைக்கவில்லை. பிரெஞ்சுப் பெயர்ப்பில் படித்து 1946 ஜனவரியில் மதிப்புரையே எழுதினார். டைரி எழுதும் கதைநாயகன், அவனை இழுக்கும் கலகக்காரி, கடைசியில் மனதை மாற்றும் அரசு, எல்லாம் இரண்டிலும் உண்டு. (ஹக்ஸ்லியும் அதிலிருந்து எடுத்திருப்பார் என்று அதே மதிப்புரையில் ஆர்வெல் ஊகித்தார். ஹக்ஸ்லி, தான் படிக்கவே இல்லை என்றார்.)

முடிவில்தான் பிரிகிறார்கள். டி-503-க்கு அறுவை செய்து கற்பனையை எடுத்துவிடுகிறார்கள். காதலித்த ஐ-330 சித்திரவதைப்படுவதை, நாட்டை ஆளும் நன்மையாளர் பக்கத்தில் உட்கார்ந்து அமைதியாகப் பார்க்கிறான். அவனிடம் மிச்சம் எதுவும் இல்லை. வின்ஸ்டனிடம் எல்லாம் மிச்சமிருக்க, அவன் வாயாலேயே ஜூலியாவைக் காட்டிக்கொடுக்க வைக்கிறார்கள். ‘நாங்கள்’ சொந்த நாட்டில் அச்சானது 1988-இல்தான், எழுதி முடித்து ஏறத்தாழ 67 ஆண்டு கழித்து.

1984 கடைசிப் பக்கத்துல வின்ஸ்டனைச் சுட்டுட்டாங்களா? அதுக்கப்புறம் இருக்கற இலக்கணப் பாடத்தையும் படிக்கணுமா?

சுடவில்லை. செஸ்நட் ட்ரீ கஃபேயில் ஜின் முன்னால் உட்கார்ந்தபடி, குண்டு பாய்வதாகக் கனவுபோல நினைத்துக்கொள்கிறார். உடம்பு அங்கேயே இருக்கிறது.

பின்னிணைப்பைக் கட்டாயம் படியுங்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய புத்தகக் கழகம் அதையும் கோல்ட்ஸ்டீன் பகுதியையும் வெட்டச் சொன்னது. பெரிய வருமானம் போனாலும் பரவாயில்லை என்று ஆர்வெல் மறுத்துவிட்டார். படிக்கும்போது ஒரு பென்சிலை எடுத்து வினைச்சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். கட்சி சமைத்த மொழியான நியூஸ்பீக் ஓசியானியாவின் ஆட்சிமொழியாக ‘இருந்தது’, 2050-க்குள் பழைய ஆங்கிலத்தை ஒழித்துவிடும் என்று ‘எதிர்பார்க்கப்பட்டது’. எல்லாம் இறந்தகாலம், அதுவும் நியூஸ்பீக்கில் எழுதாமல் நல்ல சாதாரண ஆங்கிலத்தில். இதை எழுதியவர் யார், எந்த ஆண்டு என்று ஆர்வெல் சொல்லவில்லை. கட்சி விழுந்தபின் யாரோ எழுதியது என்று அட்வுட் படித்தார். அதனால்தான் தன் நாவலின் முடிவிலும் 2195-இல் நடக்கும் ஒரு கருத்தரங்கை வைத்தார்: கதை நடந்த நாடான கிலியட் வீழ்ந்துவிட்டது, பேராசிரியர்கள் கதைசொல்லியின் குரல் பதிந்த கேசட்டுகளை ஆராய்ந்து ஜோக் அடிக்கிறார்கள். அந்த ஜோக்குகளுக்கு அரங்கம் எந்தெந்த இடத்தில் சிரிக்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள், அடுத்த ஞாயிறு அதிலிருந்துதான் தொடங்கப்போகிறோம்.